சோப்பு எங்கே இருக்கிறது?

2011ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பதினான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, வீடுகளுக்குள் ஆட்களை உட்காரவைத்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மலம் கழித்து வந்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சமைக்கத் தொடங்கும் முன், சாப்பிட உட்காரும் முன் என்று கை கழுவியாக வேண்டிய தருணங்களில் யார் சோப்பைத் தொடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. நூறு தருணங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு. அவ்வளவுதான்.

இந்த எண்ணைக் கேட்டதும் "படிப்பறிவு போதாது, விழிப்புணர்வு வேண்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அப்படிச் சொல்பவர்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே நெடுஞ்சாலை ஓய்வு நிலையம் ஒன்றின் கழிப்பறைகளில் உணர்கருவிகளைப் பொருத்தி, ஏறத்தாழ இரண்டு லட்சம் முறை மக்கள் வந்துபோனதைக் கவனித்தார்கள்; 2009இல் முடிவு வெளியானது. சோப்பைப் பயன்படுத்திய ஆண்கள் 32 சதவீதம், பெண்கள் 64 சதவீதம். குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, சோப்பு சுவரிலேயே இருக்கிறது, உள்ளே வருபவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் போனவர்கள். அப்படியும் மூன்று ஆண்களில் இரண்டு பேர் அப்படியே வெளியே நடந்துவிட்டார்கள். உலகம் முழுவதற்குமான மதிப்பீடு ஒன்று 2014இல் வந்தது: மலம் கழித்த பின் சோப்பிட்டுக் கை கழுவுகிறவர்கள் சுமார் 19 சதவீதம்.

விஷயம் சிறியதல்ல. கை கழுவுவதை ஊக்குவிக்கும் திட்டங்கள் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கின்றன என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு காட்டும் கணக்கு. இவ்வளவு மலிவான மருந்து வேறெதுவும் இல்லை. அது வீட்டிலேயே, குளிக்கிற இடத்தில், ஈரம் காயாமல் கிடக்கிறது. இருந்தும் கைக்கு வருவதில்லை. தெரிந்த ஒன்றை மனிதர்கள் ஏன் செய்வதில்லை என்பதுதான் நடத்தை மாற்ற உளவியலின் அடிப்படைக் கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகள் ஒவ்வொன்றும் முந்தைய விடையின் போதாமையிலிருந்து பிறந்தவை.

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பியது. காசு கிடையாது, காத்திருப்பும் அதிகமில்லை. ஆனாலும் பலர் வரவில்லை. அந்தத் துறையில் பணியாற்றிய உளவியலாளர் காட்ஃப்ரே ஹாக்பாம், பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் ஆகிய மூன்று நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துப் பேசினார். "எனக்கும் இந்த நோய் வரலாம்", "முன்பே கண்டுபிடித்தால் எனக்கு நல்லது" என்ற இரண்டு நம்பிக்கைகளும் கொண்டவர்களில் 82 சதவீதத்தினர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டுமே இல்லாதவர்களில் 21 சதவீதத்தினர். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'உடல்நல நம்பிக்கை மாதிரி'. இன்றைக்கும் நம் மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளில் பாதி, அறிந்தோ அறியாமலோ, இந்த மாதிரியைப் பின்பற்றுபவைதான்: நோயின் ஆபத்தைச் சொல், பரிசோதனையின் பயனைச் சொல், மீதியை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

82க்கும் 21க்கும் உள்ள இடைவெளி கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஹாக்பாம் கேட்டது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர், எடுத்துக்கொண்ட பிறகு அதன் பயனை நம்பத் தொடங்கியிருக்கலாம். நம்பிக்கையை மாற்றினால் செயல் மாறுமா என்பதை, ஒரு குழுவின் நம்பிக்கையை மாற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிற்பாடு அப்படிச் செய்துபார்த்தார்கள். தாமஸ் வெப்பும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் இத்தகைய 47 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். மக்களின் எண்ணத்தில் நல்ல அளவு மாற்றம் வந்த இடங்களிலும், செயலில் வந்த மாற்றம் அதில் பாதியை ஒட்டியே இருந்தது. ஐசக் அய்ஸனின் புகழ்பெற்ற 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' மனப்பான்மை, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணத்தை உருவாக்கும், எண்ணம் செயலாகும் என்று சொல்கிறது. முதல் பாதி நன்றாகவே பொருந்துகிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில்தான் வழி அடைபடுகிறது.

அந்த அடைப்பை மிக அழகாகக் காட்டிய சோதனை யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1965இல் வெளியான அந்த ஆய்வில் ஹாவர்ட் லெவந்தாலும் சகாக்களும் இறுதியாண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்கு உலுக்கியெடுக்கும் வண்ணப் படங்களோடு, சிலருக்கு மென்மையாக. அச்சமூட்டும் கையேட்டைப் படித்தவர்கள் அதிகம் கவலைப்பட்டார்கள், தடுப்பூசி அவசியம் என்று உறுதியாகச் சொன்னார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள்? திட்டம் எதுவும் தரப்படாதவர்களில் சுமார் 3 சதவீதம். இன்னும் சில மாணவர்களுக்குக் கையேட்டோடு ஒரு வரைபடமும் கிடைத்தது. பல்கலைக்கழக மருத்துவ மையம் அதில் வட்டமிடப்பட்டிருந்தது. உங்கள் வார அட்டவணையைப் பார்த்து எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகலாம் என்று யோசியுங்கள் என்ற குறிப்பும் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்பது இறுதியாண்டு மாணவர்களுக்குத் தெரியாத செய்தியா என்ன? வரைபடம் அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. "போட்டுக்கொள்ள வேண்டும்" என்று மிதந்துகொண்டிருந்த எண்ணத்தை ஒரு கிழமையிலும் ஒரு வழியிலும் கொண்டுபோய்க் கட்டியது.

அச்சமூட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட், பீடி உறைகளின் முகப்பில் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், சிகரெட் புகைப்பவர்களில் சுமார் 62 சதவீதத்தினர் அந்தப் படங்களால் விட்டுவிட நினைத்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் 'நினைத்தார்கள்'. நினைத்த அந்த நிமிடத்தில் விடுவதற்கான வழி கையருகே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனம் அச்சத்தைத் தாங்கமுடியாமல் படத்தைப் பார்க்காதிருக்கப் பழகிக்கொள்ளும். வழியைக் காட்டாமல் பயமுறுத்துவது பயனற்றது, பல நேரம் கொடுமையும்கூட என்பது என் கருத்து.

லெவந்தாலின் வரைபடம் செய்த வேலையை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஒரு வாய்பாடாகவே ஆக்கினார். "இன்னது நேரும்போது இன்னது செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே இணைத்துவைப்பது. "இனி ஒழுங்காகக் கை கழுவுவேன்" என்பது நல்ல விருப்பம். "தட்டை எடுக்கப் போகும்போது முதலில் குழாயடிக்குப் போவேன்" என்பது திட்டம். இரண்டாவது வாக்கியத்தில், நினைவூட்டும் வேலையைத் தட்டு ஏற்றுக்கொள்கிறது. 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்தச் சிறு உத்தி கணிசமாக உதவியது தெரிந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஃப்ளூ தடுப்பூசி முகாமுக்கான அறிவிப்புத் தாளில், தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள வெற்றிடம் விட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். சிறிய எண்தான். செலவு, ஒரு வரி அச்சு.

இதுவரை சொன்னவை அனைத்தும் தனி மனிதரின் மண்டைக்குள்ளேயே சுற்றிவருகின்றன. அதை உடைத்து வெளியே வந்தவர் கர்ட் லெவின் என்ற உளவியலாளர். காலத்தால் இவர்கள் எல்லாருக்கும் முந்தியவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1933இல் அமெரிக்கா வந்த யூதர். இரண்டாம் உலகப் போரின்போது நல்ல இறைச்சி படைவீரர்களுக்குப் போய்விட, இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சிகளை இல்லத்தரசிகள் சமைக்கும்படி செய்ய வேண்டியிருந்தது. ஈரலும் குடலும் கேட்டு வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம்; அன்றைய அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்கு அது அருவருப்பு. அயோவாவில் பெண்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பாதிக் குழுக்களுக்குச் சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று எல்லாவற்றையும் விளக்கி உரையாற்றினார்கள்; சமையல் குறிப்பும் கொடுத்தார்கள். மீதிக் குழுக்களைப் பேசவிட்டார்கள். கணவர் முகம் சுளிப்பார், சமைக்கும்போது வாடை வரும் என்று தடைகளை அவர்களே எடுத்துவைத்தார்கள், வழிகளையும் அவர்களே தேடினார்கள், இறுதியில் யாரெல்லாம் செய்துபார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது கையைத் தூக்கினார்கள். உரை கேட்டவர்களில் 3 சதவீதத்தினர் பிறகு சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர்.

லெவின் இதிலிருந்து எடுத்த கருத்து எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எந்தப் பழக்கமும் எதிரெதிர் விசைகளின் சமநிலையில் நிற்கிறது. முன்னே தள்ளும் விசைகளும் உண்டு, பிடித்து நிறுத்தும் விசைகளும் உண்டு. தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கம்தான் கூடும். நிறுத்துவதைக் குறைத்தால் இறுக்கமின்றியே நகர்வு வரும். வண்டி நகரவில்லை என்றால் மாட்டை அடிப்பதா, சக்கரத்தின் முன் கிடக்கும் கல்லை எடுப்பதா? நம் விழிப்புணர்வுப் பேரணிகள், உறுதிமொழிகள், அறிவுரை உரைகள் எல்லாம் மாட்டின் முதுகிலேயே விழுகின்றன.

கல்லை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் பார்க்கலாம். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர், சேவா மந்திர் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து 134 கிராமங்களில் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. அதே முகாமில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த ஊர்களில் 39. தடுப்பூசிக்கு எதிரான பெற்றோர் ஒரு கிலோ பருப்புக்காக மனம் மாறிவிட மாட்டார்கள். இந்த ஊர்ப் பெற்றோருக்கு எதிர்ப்பு இருந்ததில்லை. ஒரு நாள் கூலி போகும், நடக்க வேண்டும், போனால் செவிலியர் இருப்பாரோ மாட்டாரோ, பிள்ளை இன்று நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தார்கள். அந்த 'அடுத்த மாதத்தை' பருப்பு 'இன்று' ஆக்கியது. பருப்புக்குச் செலவு செய்ததால் ஒரு குழந்தைக்கான செலவு கூடவில்லை, பாதியாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; எத்தனை பேர் வந்தாலும் செவிலியரின் நாள் சம்பளம் ஒன்றுதானே.

வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பளிச்சென்ற நிறத்தில் பாதை போட்டு, தரையில் காலடித் தடங்களும், கழுவும் இடத்தில் கைத் தடங்களும் வரைந்தார்கள். பாடம் இல்லை, கிருமி என்ற சொல்லே இல்லை. முன்பு 4 சதவீதமாக இருந்த சோப்பிட்டுக் கை கழுவுதல் மறுநாள் 68 ஆனது. ஆறு வாரம் கழித்து 74. இரண்டே பள்ளிகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. ஆகவே எண்ணை அப்படியே தூக்கிக் கொண்டாட வேண்டாம். ஆனால் காலடித் தடத்தைக் கண்டால் குழந்தைகள் அதன் மேல் கால் வைத்துப் போகாமல் இருக்கமாட்டார்கள் என்பதை அறிந்த ஒருவர் அந்தத் திட்டத்தைத் தீட்டியிருக்கிறார்.

இவ்வளவையும் ஒரே சட்டகத்தில் அடக்கியவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சூசன் மிக்கி. அவரும் சகாக்களும் 2011இல், புழக்கத்தில் இருந்த 19 சட்டகங்களை அலசி, ஒரு செயல் நடக்க மூன்று வேண்டும் என்றார்கள்: திறன், வாய்ப்பு, உந்துதல். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன் "இங்கே இல்லாதது இவற்றில் எது?" என்று கேட்டால் எத்தனையோ வீண்செலவைத் தவிர்க்கலாம். குழாயடியில் சோப்பே இல்லாத பள்ளியில் கை கழுவும் முறையை ஏழு படிகளாகச் சொல்லிக்கொடுப்பது, வாய்ப்பு இல்லாத இடத்தில் திறனைக் கொட்டுவது.

சித்தூருக்கு வருவோம். அங்கே வாய்ப்பு ஓரளவு இருந்தது, திறனும் இருந்தது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் வாலரி கர்டிஸ் பல நாடுகளில் வீடுகளைக் கவனித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: தாய்மார்கள் கை கழுவும்போது நோயை நினைத்துக் கழுவுவதில்லை. நாற்றம், பிசுபிசுப்பு, அருவருப்பு ஆகியவற்றால் கழுவுகிறார்கள். பிள்ளையை நல்லவிதமாக வளர்க்க வேண்டும் என்பதால் கழுவுகிறார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் கழுவுகிறார்கள். எனவே அந்தப் பதினான்கு ஊர்களில் பாதியில் நடத்திய 'சூப்பர் அம்மா' என்ற பிரசாரத்தில் வயிற்றுப்போக்கைப் பற்றியோ கிருமியைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. பிள்ளைக்கு நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுத்து ஆளாக்கும் ஒரு கிராமத்துத் தாயின் படம். அழுக்குக் கையாலேயே லட்டு பிடிக்கும் லட்டு லிங்கம் என்ற ஒருவன் வரும் நாடகம். பார்ப்பவர்கள் சிரித்தபடியே முகத்தைச் சுளிக்க வேண்டும். பிறகு ஊரார் முன்னிலையில் பெண்கள் எடுத்த உறுதிமொழி. அயோவாவில் உயர்ந்த கைகளை இங்கே மறுபடி பார்க்கிறோம்.

ஆறு வாரத்தில் பிரசாரம் நடந்த ஊர்களில் 19 சதவீதம், நடக்காத ஊர்களில் 4. ஆறு மாதத்தில் 37க்கு 6. தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டாக இருந்ததை நினைத்துப்பாருங்கள். அதே பெண்கள், அதே குழாய், அதே சோப்பு. அவர்களுக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டியிருந்தவர்கள் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு செயல் நிலைக்க எவ்வளவு காலம் ஆகும்? இருபத்தொரு நாள் என்று எங்கும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக எடுக்கும் காலத்தைப் பற்றி அவர் கவனித்ததுதான் அதன் வேர். பழக்கத்தை அளந்து பார்த்தவர் பிலிப்பா லாலி. 96 பேர் ஒவ்வொருவரும் ஒரு புதிய செயலைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழலில் 12 வாரம் செய்தார்கள். அது தன்னியல்பாக வர ஆகும் நாள்களின் இடைநிலை மதிப்பு 66. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள்வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய சேதமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மூன்று வாரத்தில் வராததால் "எனக்கு மன உறுதி இல்லை" என்று தன்னையே திட்டிக்கொண்டு நடைப்பயிற்சியை விட்டவர்கள் எத்தனை பேர்! மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சேமிப்பு என்ற கோட்பாடே 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. பழக்கத்துக்கு உரம் சூழல்: அதே நேரம், அதே இடம், அதே பொருள் கண்ணில் படுதல்.

காலடித் தடம், தேதி எழுத வெற்றிடம் போன்ற சிறு தூண்டல்கள் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அணை போட வேண்டியிருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் எலிசபெத் லினோஸும் 2022இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் வந்த தூண்டல் சோதனைகள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றத்தைக் காட்டின; அமெரிக்காவில் அரசுகளோடு சேர்ந்து அதே வேலையைப் பெரிய அளவில் செய்த இரண்டு பெரிய குழுக்களின் எல்லாச் சோதனைகளையும் எடுத்துப் பார்த்தால் 1.4. வெற்றி மட்டுமே அச்சேறுகிறது, தோல்வி மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது என்பது இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம். 1.4 என்பது பூஜ்யம் அல்ல, கோடிக்கணக்கான மக்களுக்கு அது பெரிய எண். ஆனால் வர்ணம் பூசிய பாதை குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவராது.

சித்தூரில் பன்னிரண்டாம் மாதம் மீண்டும் கணக்கெடுத்தார்கள். அதற்குள் மற்ற ஏழு ஊர்களுக்கும் சுருக்கப்பட்ட பிரசாரம் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு தரப்பும் 29 சதவீதத்தில் நின்றன. சுருங்கிய வடிவமே முழு வடிவத்துக்கு ஈடாக வேலை செய்திருப்பது அரசுத் திட்டங்களுக்கு மிகப் பயனுள்ள செய்தி. 37இல் இருந்தவர்கள் 29க்கு இறங்கியிருப்பதும் அதே அளவு கவனிக்கத்தக்கது. நாடகக் குழு ஊரைவிட்டுப் போன பிறகு அந்தப் பழக்கத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டியவை வேறு: கழிப்பறைக்கு வெளியே கை எட்டும் உயரத்தில் ஒரு குழாய், அதன் அருகே தீராத சோப்பு. வங்கதேசத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணிசோப்புத் தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றித் தொங்கவிட்டு, கட்டிச் சோப்பு தீர்ந்துபோவதையும் காணாமற்போவதையும் சமாளித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. அந்தப் பாட்டிலை வாரத்துக்கு எத்தனை முறை நிரப்ப வேண்டும், யார் நிரப்புவது, தூள் வாங்கும் காசு எந்தக் கணக்கில் வரும் என்பவற்றைத் திட்டம் தீட்டும்போதே எழுதிவைத்துவிட வேண்டும்.